பழைய துப்பாக்கித் தோட்டா: அடையாளமும் விலையும்

இராணுவத்துக்கோ காவல்துறைக்கோ செய்யப்பட்டு, பின்பு பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட அல்லது உபரியாக எஞ்சிய ரைஃபிள் தோட்டாக்களை உபரித் தோட்டாக்கள் என்பர். இவற்றை அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும் அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரு தனி வணிகம். நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே ஒரு தோட்டாவின் அடியில் உள்ள எழுத்துகளைப் படித்து அதன் வயதையும் ஊரையும் யாரும் சொல்லலாம். ஆனால் அதற்கு விலை சொல்ல மிகச் சிலருக்கே உரிமை உண்டு. இந்த வேறுபாடு தெரியாததால்தான் காயலான் கடைகளில் தொல்லை நேர்கிறது.

நான் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து விரல் நீளப் பித்தளைப் பொருள் ஒன்றை மேசைமேல் வைத்தான். அவன் மாமா பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். "மூட்டையோட வந்துச்சு சார். இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பதில் தேடியபோது தெரிந்துகொண்டவை இக்கட்டுரையாகின்றன. அவன் கொண்டுவந்தது .303 தோட்டா. தமிழ்நாட்டில் பழைய பொருள்களோடு அகப்படும் தோட்டாக்களில் அதற்கே வரலாறு அதிகம் என்பதால் இங்கும் அதைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது.

ஒரகடத்துக்கும் இந்தத் தோட்டாவுக்கும் என்ன தொடர்பு

ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் தயாராகின்றன. அந்நிறுவனத்தின் சின்னத்தில் ஒரு பீரங்கி இருப்பதைப் பலர் கவனித்திருப்பர். இலண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்னும் ஊரில் பிரித்தானிய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. ரெடிச் நகரில் மிதிவண்டி செய்துவந்த ஒரு நிறுவனம் 1890களில் அந்தத் தொழிற்சாலைக்கு நுட்பமான ரைஃபிள் உறுப்புகளைச் செய்து தரும் ஒப்பந்தத்தைப் பெற்றது. அந்தப் பெருமையில்தான் என்ஃபீல்டு என்ற பெயரும், 'துப்பாக்கிபோல் செய்யப்பட்டது' என்ற பொருள் தரும் வணிக வாசகமும் வந்தன. 'புல்லட்' என்ற வண்டிப் பெயரும் அதே குடும்பத்துப் பெயர்தான். அதே என்ஃபீல்டு தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய லீ–என்ஃபீல்டு ரைஃபிளுக்கு உரிய தோட்டாவே .303.

இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படையினர் தூக்கிய துப்பாக்கி அது. விடுதலைக்குப் பிறகு இராணுவம் வேறு துப்பாக்கிகளுக்கு மாறியபோதும் காவல்துறையினரின் தோளில் நெடுங்காலம் தங்கியது. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது. நம் வீடுகளில் 'திரீ நாட் திரீ' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் செல்லும் சாலையைப் பிடித்து, அங்கிருந்து இன்னும் சற்றுக் கிழக்கே போனால் அனுமந்தபுரம். அகோர வீரபத்திரர் கோயிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள காட்டை ஒட்டிப் படையினரும் காவல்துறையினரும் சுட்டுப் பழகும் திடல் இருக்கிறது. மறுபக்கம் ஆவடியில் பாதுகாப்புத் துறையின் தொழிற்சாலைகளும் கிடங்கும் உள்ளன. நடுவில், தொழிற்பேட்டைகளின் இரும்பு, அலுமினியம், பித்தளைக் கழிவுகளை நம்பி வாழும் நூற்றுக்கணக்கான சிறு கடைகள். பித்தளை எங்கிருந்து வந்தாலும் கடைசியில் தராசுக்குத்தான் வரும்.

தோட்டாவின் நான்கு பாகங்கள்

பேச்சுவழக்கில் தோட்டா, குண்டு, ரவை என எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்கிறோம். இக்கட்டுரையில் முழுப்பொருளைத் தோட்டா என்றும், முனையில் இருந்து பறந்து செல்வதைக் குண்டு என்றும், பின்னால் உள்ள பித்தளைக் குழலைக் கூடு என்றும் சொல்வோம். கூட்டுக்குள் இருப்பது உந்துமருந்து. கூட்டின் அடியில் நடுவே பொட்டுப்போல் பதிந்திருப்பது பிரைமர். துப்பாக்கியின் ஊசி பிரைமரைக் குத்தும்போது அது பொறி எழுப்பி, உந்துமருந்தைப் பற்றவைக்கிறது. உண்டாகும் வாயு குண்டைத் தள்ளுகிறது.

.303 தோட்டாவின் மொத்த நீளம் சுமார் 78 மி.மீ. கூடு மட்டும் 56 மி.மீ. 1910-இல் ஏற்கப்பட்ட ஏழாம் வகைக் குண்டு கூர்முனை கொண்டது, எடை 11.3 கிராம்; வினாடிக்கு ஏறத்தாழ 744 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டு வெளியேறும். அதன் உள்ளே முழுக்க ஈயம் இல்லை. முனைப்பகுதியில் அலுமினியமோ, அது கிடைக்காதபோது அழுத்திய மரக்கூழோ வைத்தார்கள். பின்பக்கம் கனமாகவும் முன்பக்கம் இலேசாகவும் இருப்பதால் இலக்கில் பட்டதும் குண்டு புரண்டுவிடும்.

உந்துமருந்தின் கதை நம் மாநிலத்தோடு சேர்ந்தது. 1889-இல் ஃபிரடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டீவர் என்னும் இரு வேதியியலர் கார்டைட் என்ற புகையற்ற மருந்துக்குக் காப்புரிமை பெற்றனர். நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு, வெடிபஞ்சு 37 விழுக்காடு, பெட்ரோலியம் ஜெல்லி 5 விழுக்காடு. நாம் வெடிப்புக்குத் தடவும் அதே ஜெல்லிதான். துப்பாக்கிக் குழலில் அழுக்கு சேராதிருக்க அதைச் சேர்த்தார்கள். பின்னர்தான், மருந்து கெடாமல் காப்பதும் அதுவே என்று தெரிந்தது. இந்தக் கார்டைட்டை இந்தியாவிலேயே செய்ய நீலகிரியில் அருவங்காட்டில் 1903-இல் ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. மலை இரயிலில் குன்னூரிலிருந்து உதகைக்குப் போகும்போது வரும் அருவங்காடு நிலையம் அதை ஒட்டியதுதான். தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. 2021 அக்டோபர் 1 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது.

கார்டைட் பொடியாக இருக்காது. சேமியாபோல் நீள இழைகளாக இருக்கும். கூட்டின் கழுத்து குறுகலானது; அதன் வழியே இந்த இழைக்கட்டை நுழைக்க முடியாது. ஆகவே முதலில் நேரான குழலுக்குள் இழைகளை வைத்துவிட்டு, அதன் பிறகே கழுத்தை அழுத்திக் குறுக்கினார்கள். உள்ளே மருந்து இருக்கும்போதே உலோகத்தை அழுத்தும் வேலை. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

அளவுகோலால் பிரித்தல்

அடிமுத்திரையைப் படிப்பதற்கு முன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். .303 கூட்டின் அடியில் தட்டுப்போல் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. விளிம்பின் விட்டம் சுமார் 13.7 மி.மீ. 1960களில் இந்திய இராணுவம் மாறிய 7.62 தோட்டாவில் அந்த விளிம்பு இல்லை. அடியைச் சுற்றி ஒரு பள்ளம் மட்டும் ஓடும். மொத்த நீளம் 71 மி.மீ. இன்சாஸ் ரைஃபிளின் 5.56 தோட்டா 57 மி.மீ. நீளமே உள்ள மெல்லிய தோட்டா. ஏகே வகைத் துப்பாக்கியின் தோட்டாவும் ஏறக்குறைய அதே நீளம், ஆனால் பருமன் அதிகம். அதன் கூடு பெரும்பாலும் எஃகால் ஆனது, காந்தம் ஒட்டும்.

.303-ஐப் போலவே விளிம்புள்ள இன்னொன்று .315. வெள்ளையர் ஆட்சியில் படைத் துப்பாக்கியின் தோட்டா பொதுமக்கள் கையில் இருக்கக் கூடாது என்று கருதியதால், வேட்டைக்கும் பயிர்க்காவலுக்கும் வேறு அளவுத் துப்பாக்கிகள் பரவின. அரசுத் தொழிற்சாலைகள் உரிமம் பெற்றோருக்கு விற்ற .315 ரைஃபிள் அந்த வழியில் வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் வெவ்வேறு.

அடிமுத்திரையைப் படித்தல்

கூட்டின் அடியில் பிரைமரைச் சுற்றிப் பொறிக்கப்பட்ட எழுத்துகளும் எண்களும் அடிமுத்திரை எனப்படும். நாணயத்தில் அச்சகக் குறியும் ஆண்டும் இருப்பதுபோலத்தான். பொதுவாக மூன்று செய்திகள் இருக்கும்: எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, எந்த வகை.

ஆங்கில எழுத்துகள் கே, எஃப். நடுவில் காக்கைக் கால்போல் ஓர் அம்புக்குறி. இது புணே அருகே கிர்க்கியில் (இன்றைய கட்கியில்) 1869-இல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலையின் குறி. அம்பு பிரித்தானிய அரசுடைமை என்பதன் அடையாளம்; பழைய அரசுப் பொருள்கள் பலவற்றில் அதைக் காணலாம். ஆர், எல் என்று இருந்தால் இங்கிலாந்தின் உல்லிச். எம், எஃப் என்றால் ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்க்ரே. டி, ஐ என்பதைப் பார்த்து 'டம்டம், இந்தியா' என்று விரித்துக்கொள்ளத் தோன்றும். அது கனடாவின் டிஃபென்ஸ் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம். பி, ஓ, எஃப் பாகிஸ்தானின் வாஹ் தொழிற்சாலை. எச், எக்ஸ், பி கிரேக்கம். ஓ, எஃப், வி என்பது மகாராட்டிரத்தின் வரண்காவ் தொழிற்சாலை. அது பெரும்பாலும் 7.62 தோட்டாவில் காணப்படும்.

டம்டம் என்றதும் ஒரு செய்தி. கல்கத்தா அருகிலுள்ள அந்த ஆயுதச் சாலையில் 1890களில் நெவில் பெர்ட்டி-கிளே என்ற அதிகாரி, உடலுக்குள் விரிந்து பெருங்காயம் செய்யும் குண்டை .303 தோட்டாவுக்கு உருவாக்கினார். 1899-இல் ஹேக் மாநாடு இத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தத் தடை செய்தது. ஓர் இந்திய ஊரின் பெயர் உலக அகராதிகளில் இந்தப் பொருளில் நின்றுவிட்டது.

ஆண்டு பெரும்பாலும் இரண்டு இலக்கம். 43 என்றால் 1943. வகையைக் காட்ட ரோமன் எண்ணில் ஏழு இருக்கும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்திலிருந்து சாதாரண 7. அதன் பக்கத்தில் இசட் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கார்டைட் இல்லை, நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. ஜி என்றால் பறக்கும்போது ஒளிக்கோடு விடும் குண்டு. டபிள்யூ என்றால் கவசம் துளைப்பது. பி என்றால் தீ மூட்டுவது. பிரைமரைச் சுற்றிய வளையத்தில் வண்ண அரக்கும் பூசியிருப்பார்கள்: சாதாரணக் குண்டுக்கு ஊதா, கவசம் துளைப்பதற்குப் பச்சை, ஒளிக்கோட்டுக்குச் சிவப்பு, தீ மூட்டுவதற்கு நீலம். எண்பது ஆண்டு ஆன தோட்டாவில் இந்த வண்ணம் தேய்ந்து போயிருக்கலாம் என்பதால் எழுத்தையும் சேர்த்துப் பார்ப்பதே வழக்கம்.

என் மாணவன் கொண்டுவந்ததில் கே, எஃப் இருந்தது. கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி எடுத்துவரச் சொன்னேன். இயற்பியல் தராசில் வைத்து எடை போட்டேன். சுமார் 25 கிராம். வகுப்பே சுற்றி நின்றது. அதன் பிரைமரில் ஊசி குத்திய தழும்பு இல்லை என்பதும், குண்டு கூட்டிலேயே இருந்தது என்பதும் எனக்கு அப்போது கண்ணில் பட்டும் மனத்தில் படவில்லை.

வெடித்ததா, வெடிக்காததா

குண்டு இல்லாமல், வாய் திறந்து, உள்ளே கரி படிந்து, பிரைமரில் குழி விழுந்திருந்தால் அது சுட்டு முடிந்த வெற்றுக் கூடு. குண்டு இருந்து, பிரைமர் வழவழப்பாக இருந்தால் வெடிக்காத தோட்டா என்றே கொள்ள வேண்டும். இடையில் ஒரு வகை உண்டு, ஏமாற்றுவது அதுதான். பிரைமரில் குழி இருக்கும், குண்டும் இருக்கும். ஊசி குத்தியும் பற்றாமல் போன தோட்டா அது. குழியைப் பார்த்து 'வெடிச்சு முடிஞ்சது' என்று சொல்லிவிடுவார்கள். உள்ளே மருந்து அப்படியே இருக்கும்.

பயிற்சிக்கான போலித் தோட்டாக்களும் உண்டு. அவற்றின் கூட்டில் துளைகளோ, நீளவாக்கில் சிவப்பு வண்ணம் தீட்டிய பள்ளங்களோ இருக்கும். ஓசைத் தோட்டாவில் குண்டு இருக்காது. கூட்டின் வாயைப் பூ மொட்டுப்போல் மடித்திருப்பார்கள். அதில் மருந்து உண்டு.

துப்பாக்கிக்கு வெளியே, தீயில் விழுந்த தோட்டாவின் குண்டு சினிமாவில் காட்டுவதுபோல் பாய்ந்து போகாது. அழுத்தத்தைத் தாங்கக் குழல் இல்லாததால் பித்தளைக் கூடு கிழிந்து சில்லுகளாகத் தெறிக்கும். பிரைமரும் பிய்த்துக்கொண்டு பறக்கும். கண் போக அது போதும். உலையில் போட்டு உருக்குபவர், சுத்தியலால் தட்டிக் குண்டைக் கழற்றுபவர், சாவிக்கொத்து செய்யத் துளை போடுபவர் ஆகிய மூவரும் ஒரே ஆபத்தில் இருக்கிறார்கள். பழைய பிரைமரில் பாதரச ஃபல்மினேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் இருக்கும். இந்தக் கலவை அடிக்குப் பொறுக்காதது.

மழைக்காலமும் பித்தளையும்

பழைய தோட்டா எப்படிக் கெடுகிறது என்பதற்கு அறிவியல் பாடத்தில் சேர்க்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டு இந்தியாவிலேயே கிடைத்தது. மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை இலாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத கூடுகளின் கழுத்தில் கீறல்கள். பருவத்தோடு வந்ததால் 'பருவ வெடிப்பு' என்றே ஆங்கிலத்தில் பெயரிட்டார்கள். காரணம் 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் ஆய்வாளர்களால் விளக்கப்பட்டது. கழுத்தை அழுத்திக் குறுக்கியபோது உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையின் நுண்மணி எல்லைகளை அரிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கீறல் விழும். கூட்டை மிதமாகச் சூடாக்கி உள் இறுக்கத்தைத் தணித்தால் சிக்கல் தீர்ந்துவிடும்.

இதனால்தான் பழைய தோட்டாவை மதிப்பிடுபவர் முதலில் கழுத்தைப் பார்க்கிறார். முடிபோன்ற கீறல் ஒன்று இருந்தாலும் அது சுடத் தகாதது. பச்சைக் களிம்பு, குண்டைச் சுற்றிய கசிவு, கையில் ஆட்டினால் குண்டு தளர்ந்திருப்பது ஆகியவையும் அப்படியே.

விலை வைக்கும் நாடுகளில்

அமெரிக்காவில் உபரித் தோட்டாவுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள்: சுடுவதற்கு வாங்குபவர், சேகரிப்பதற்கு வாங்குபவர். இருவரும் ஒரே பொருளுக்கு வேறு வேறு விலை தருவார்கள்.

சுடுபவர் முதலில் கேட்பது, பிரைமர் துரு ஏற்றும் வகையா என்பது. பொட்டாசியம் குளோரேட் எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். அது உப்புபோல் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய பிரித்தானியச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலுக்குள் கொதிநீர் ஊற்றியது இதற்காகத்தான். அடுத்த கேள்வி, கூட்டை மீண்டும் நிரப்ப முடியுமா என்பது. உள்ளே அடியில் ஒரே துளை இருந்தால் பழைய பிரைமரை எளிதில் தள்ளிவிடலாம்; அது பாக்சர் முறை. இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன் முறை, கடினம். பாக்சர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் பாக்சர் முறை அமெரிக்காவிலும் பெர்டன் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டன.

கிரேக்கத்தின் எச்-எக்ஸ்-பி தோட்டா துரு ஏற்றாது, மீண்டும் நிரப்பலாம் என்பதால் சுடுபவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். பாகிஸ்தானின் பழைய .303 தோட்டாவுக்கு வேறு பெயர்: விசையை இழுத்ததும் 'கிளிக்' என்று கேட்கும், ஒரு கணம் கழித்தே வெடிக்கும். பற்றவில்லை என்று நினைத்துத் துப்பாக்கியைத் திறந்தவர் கதி என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். விளிம்பும் அளவும் ஒன்றேயான இரு தோட்டாக்களின் விலையை அடிமுத்திரை பிரிப்பது இப்படித்தான். இந்தியாவின் இஷாப்பூர் ரைஃபிள்களும் உபரியாக அமெரிக்கச் சந்தைக்குப் போயிருக்கின்றன.

சேகரிப்பவருக்குத் துருவும் பற்றலும் பொருட்டல்ல. அரிதான ஆண்டு, மூடிய நிலையில் உள்ள காகிதப் பொட்டலம், ஐந்து தோட்டாக்களைப் பிடிக்கும் தகட்டுப் பிடி, ஐம்பது தோட்டாக்கள் கொள்ளும் துணிப்பட்டை ஆகியவற்றுக்கே மதிப்பு. பளபளப்பு விலையைக் குறைக்கும். குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்தால் பிரைமர் வளையத்தின் வண்ண அரக்கு போய்விடும், அதோடு பாதி வரலாறும் போய்விடும்.

இந்தியாவில் ஏன் சந்தை இல்லை

1959-இன் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி உரிமம் இல்லாமல் தோட்டாவை வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ முடியாது (3ஆம் பிரிவு). விற்பதற்குத் தனி உரிமம் வேண்டும் (5ஆம் பிரிவு). உரிமம் பெற்றவர்கூட உரிமத்தில் குறித்த துப்பாக்கிக்கான தோட்டாவை, குறித்த எண்ணிக்கைக்குள், உரிமம் பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும். .303, 7.62 போன்ற படைத் துப்பாக்கி அளவுகள் தடை செய்யப்பட்டவை என்பதால், சாதாரண உரிமதாரருக்கும் அவை கிடையாது. வாங்க ஆளே இல்லாத பொருளுக்குச் சந்தை விலை எப்படி இருக்கும்?

சட்டத்தின் வரையறையில் தோட்டாவின் உறுப்புகளும் அடங்கும். சிறு உறுப்புகளை, சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமின்றி வைத்திருப்பதற்கு 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. வெற்றுக் கூடு பற்றிய வழக்குகளில் இப்பிரிவை எடுத்து வாதிடுகிறார்கள். வெடிக்காத தோட்டா ஒன்றே ஒன்று பையில் இருந்து விமான நிலையச் சோதனையில் சிக்கியவர்கள் பலர். 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், வைத்திருத்தல் என்றால் அதை அறிந்து வைத்திருத்தல் என்று விளக்கியது. ஆனால் அறியாமல் வைத்திருந்தேன் என்பதை நீதிமன்றத்தில் போய்ச் சொல்வதற்குள் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் என்ன பாடுபடும் என்பதையும் எண்ண வேண்டும்.

அப்படியானால் இராணுவத்தின் வெற்றுக் கூடுகள் எங்கே போகின்றன? சுட்டு முடித்ததும் எண்ணித் திருப்பி ஒப்படைப்பது படைகளின் வழக்கம். கழிக்கப்பட்ட அரசுப் பொருள்களும் உலோகக் கழிவும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மின்னேலம் வழியாக விற்கப்படுகின்றன. அங்கே அது வரலாற்றுப் பொருள் அல்ல, டன் கணக்கில் பித்தளை.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். கூட்டுப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. ஒரு .303 வெற்றுக் கூடு சுமார் 11 கிராம். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 90 கூடுகள். பித்தளைக் கழிவு கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கூட்டின் விலை ஐந்தரை ரூபாய். ஒரு தேநீர்க்கும் காணாது.

குவியலில் அகப்பட்டால்

2004 செப்டம்பர் 30 அன்று தில்லியை அடுத்த காசியாபாத் மாவட்டத்தின் சாகிபாபாத்தில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த வெடிகுண்டுகள் ஓர் எஃகு ஆலையில் வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் இறந்தனர். அதற்குப் பின், துண்டாக்கப்படாத உலோகக் கழிவை இறக்குமதி செய்ய, கப்பலில் ஏற்றுமுன் சோதித்த சான்றிதழ் வேண்டும் என்று அரசு விதித்தது. துறைமுகத்துக்கு அது காவல். உள்ளூர் மூட்டைக்கு அப்படி எந்தச் சான்றிதழும் இல்லை. பிரிக்கும் ஆளின் கண்தான் சோதனை.

ஆகவே பழைய இரும்புக் கடையில் வேலை செய்வோர் தெரிந்துகொள்ள வேண்டியவை சிலவே. குண்டோடு கூடிய தோட்டா கிடைத்தால் தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்கக் கூடாது. அது கிடந்த இடத்திலேயே விட்டு, மற்றவர்களை விலக்கி, 112-க்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். பெருவிரலைவிடப் பருமனான எதுவும், இறக்கையோ திருகுமூடியோ உள்ள எதுவும் தோட்டாவே அல்ல என்று கொள்ளலாம். அதை ஓர் அங்குலமும் நகர்த்தக் கூடாது. இலங்கையின் வன்னியில் 2009-க்குப் பிறகு ஹேலோ ட்ரஸ்ட், மேக் முதலிய கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் உழைத்த இடங்களிலும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்படும் பாடம் இதுதான்: தொடாதே, தள்ளிப் போ, பெரியவரிடம் சொல்.

இறந்துபோன தாத்தாவின் பெட்டியில் உரிமம் முடிந்த துப்பாக்கிக்கான தோட்டாக்கள் கிடைப்பதும் உண்டு. அதற்கு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழி சொல்கிறது: தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து இரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய உரிமத்தின் நகல் இருந்தால் அதையும் எடுத்துச் செல்வது நல்லது.

நான் இவற்றில் எதையும் செய்யவில்லை. தோட்டாவைக் காகிதத்தில் சுற்றி, ஆய்வக அலமாரியில் அமிலப் புட்டிகளுக்கு மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். அந்தத் தட்டில்தான் அம்மோனியாக் கரைசலும் இருந்தது. நான்கு நாள் கழித்து, வேறொரு ஆசிரியர் சொன்ன பிறகே காவல் நிலையத்துக்குப் போனேன். "எழுதிக் கொடுங்க சார். என்னைக்குக் கிடைச்சதுன்னு போடுங்க" என்றார் எழுத்தர். நாலு நாளைக்கு முந்தைய தேதியை எழுதும்போது கை தயங்கியது. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் பையனிடம் கணக்கைச் சொன்னேன்: பித்தளையாகப் பார்த்தால் ஐந்து, ஆறு ரூபாய். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடையில இன்னும் ஒரு டப்பா இருக்கு சார்" என்றான். அன்று மாலையே நானும் எழுத்தரும் அவன் மாமா கடைக்குப் போனோம்.